பின்பக்கம் ஒரு ரூம் சேர்த்து கட்டறோம், வயரிங்கை எங்க இருந்து இழுக்கறது?

அரைச்செங்கல்

வணக்கம். வீட்டுக்கு பின்னாடி 12க்கு 14ல ஒரு ரூம், அதை ஒட்டி பாத்ரூம், முன்னால சின்னதா ஒரு சிட் அவுட். அவ்ளோதான் வேலை. அப்பாவுக்காக கட்டறோம், முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் அவரால மாடி ஏற முடியல, கீழ இருக்கற ரெண்டு ரூம்லயும் ஆள் இருக்காங்க. சுவர் லிண்டலைத் தாண்டி எழும்பியாச்சு, இன்னும் பத்து நாள்ல சென்ட்ரிங் அடிச்சிடலாம்னு மேஸ்திரி சொல்றார், அதுக்குள்ள கரண்ட் விஷயத்துல ஒரு முடிவுக்கு வரணும்.

எலக்ட்ரீசியன் வந்து பாத்தார். "கிச்சன் பின்சுவர்ல ஒரு பவர் பிளக் இருக்குல்ல சார், அந்த சுவருக்கு அந்தப் பக்கம்தானே புது ரூம், ஒரு ஓட்டை போட்டு அதுல இருந்தே லூப் எடுத்துடலாம், நாலடி வயர்ல வேலை முடிஞ்சுது" அப்படின்னார். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த பிளக்ல ஏற்கனவே ஃபிரிட்ஜ் ஓடுது, அதே லைன்ல இன்னும் ரெண்டு பிளக் இருக்கு. புது ரூம்ல ஒன்றரை டன் ஏசி, பாத்ரூம்ல வாட்டர் ஹீட்டர் ரெண்டும் வரப்போகுது. அதை சொன்னா "அதுக்கென்ன, எம்சிபிய பெருசா மாத்திக்கலாம்" னு சொல்லிட்டு போயிட்டார்.

இன்னொரு வழி மெயின் பாக்ஸ்ல இருந்தே தனி லைன். அது முன் ஹால்ல இருக்கு, சுத்தி வந்தா 18 மீட்டர் வரும், பெயின்ட் அடிச்ச சுவரெல்லாம் காடி வெட்டணும்னு பயமா இருக்கு. அப்புறம் தளத்துக்குள்ள என்னென்ன பைப் போடணும், எத்தனை பாயிண்ட் வைக்கணும்னு ஒண்ணும் பிடிபடல. வீடு 20 வருஷம் பழசு. எனக்கு ஃபியூஸ் போனா போடத் தெரியும், அதுக்கு மேல தெரியாது. கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க.

பழைய டெஸ்டர்

தம்பி, லூப் வேணாம். அந்த ஆள் சொன்ன ரெண்டாவது வார்த்தை முதல் வார்த்தைய விட மோசம். எம்சிபிங்கறது, அதாவது கரண்ட் அளவை மீறினா தானா விழற அந்த ஸ்விட்ச், உங்க ஏசிய காப்பாத்த வச்சது இல்ல, சுவத்துக்குள்ள இருக்கற வயரை காப்பாத்த வச்சது. கிச்சன் லைன்ல 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் இருக்கும், அதுக்கு 16 இல்லன்னா 20 ஆம்ப்ஸ் எம்சிபி போட்டிருப்பாங்க. டிரிப் ஆகுதேன்னு அதை எடுத்துட்டு 32 வச்சா டிரிப் ஆகறது நின்னுடும், ஆனா வயர் உள்ள வேகும். அது தெரியும்போது சுவர் கறுத்திருக்கும்.

40 வருஷம் வயரிங் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன் நான். சேர்த்து கட்டின ரூம்ல கரண்ட் பிரச்சினைன்னு கூப்பிட்டாங்கன்னா, நான் முதல்ல போய் பாக்கறது புது ரூமை இல்ல, அந்த லூப் எடுத்த பழைய பிளக்கைத்தான். அந்த சின்ன ஸ்க்ரூ வழியா மொத்த ரூம் கரண்டும் போகும், ஸ்க்ரூ கொஞ்சம் லூஸ் ஆனா அங்கயே சூடு, பிளாஸ்டிக் பழுப்பாகி மீன் நாத்தம் மாதிரி ஒரு வாடை அடிக்கும். அந்த வாடை வந்தா நேரா போய் மெயினை ஆஃப் பண்ணிடணும்.

தனி லைன் இழுங்க, புது ரூம்லயே சின்னதா ஒரு டிபி, அதாவது எம்சிபி எல்லாம் வைக்கற பாக்ஸ், வைங்க. சுவரை உடைக்கணும்னு யார் சொன்னது? வெளிச்சுவர்ல பைப்பை கிளாம்ப் போட்டு சுத்திக் கொண்டு வாங்க. பாக்க கொஞ்சம் அழகா இருக்காது, பெயின்ட் அடிச்சா மறைஞ்சிடும்.

ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு சொல்லுங்க. மீட்டர்ல இருந்து உங்க மெயின் பாக்ஸுக்கு வர்ற வயர் என்ன சைஸ்? மெயின்ல எத்தனை ஆம்ப்ஸ் போட்டிருக்கு? நீங்களா மூடியைத் திறக்காதீங்க, மீட்டர் பக்கம் எதை ஆஃப் பண்ணாலும் கரண்ட் இருந்துகிட்டேதான் இருக்கும். ஆளை வச்சு பாருங்க.

குட்டிபல்பு

எங்க வீட்லயும் இதே மாதிரி லூப்தான் எடுத்தோம். பத்து வருஷம் ஆச்சு ஒண்ணும் ஆகல. இதுக்குப் போய் ஏன் இவ்ளோ பயப்படறீங்கன்னு தெரியல.

பழைய டெஸ்டர்

உங்க ரூம்ல ஹீட்டர், ஏசி இருக்கா?

குட்டிபல்பு

இல்ல. ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு, போன் சார்ஜர். ஓ... சரி சரி.

ஆம்ப்ஸ்கணக்கு

பெரியவர் சொன்னதையே நான் கணக்கா போட்டு காட்டறேன், அப்பதான் நாளைக்கு எலக்ட்ரீசியன் கூட பேசும்போது உங்ககிட்ட நம்பர் இருக்கும், இல்லன்னா "நாங்க எத்தனை வீடு பாத்திருக்கோம் சார்" னு ஒரு வார்த்தையில உங்களை உக்கார வச்சிடுவார்.

வாட்டை வோல்ட்டால வகுத்தா ஆம்ப்ஸ், 230 வோல்ட்னு எடுத்துக்கறேன். ஒன்றரை டன் ஏசி ஃபுல்லா ஓடும்போது சுமாரா 1600 வாட், அதாவது 7 ஆம்ப்ஸ். ஹீட்டர் 2000 வாட்னா கிட்டத்தட்ட 9 ஆம்ப்ஸ், 3000 வாட் வாங்கினீங்கன்னா 13. அயர்ன் பாக்ஸ் ஒரு 1000 வாட்டுக்கு 4 ஆம்ப்ஸ் கிட்ட. ஃபேன் ரெண்டு 150 வாட், எல்இடி லைட் ஆறு இருந்தாலும் 60 வாட்டைத் தாண்டாது, டிவி, போன் எல்லாம் சேர்த்து ஒரு 200. கூட்டிப் பாத்தா 5000 வாட் வருது, 22 ஆம்ப்ஸ். இதுல லைட், ஃபேன் எல்லாம் தூசு, ஹீட்டரும் ஏசியும்தான் ரூமோட முக்கால் கணக்கு. பாயிண்ட் எத்தனைன்னு மண்டைய உடைச்சுக்கறவங்க நிறைய பேர், உண்மையில பாயிண்ட் கூடறதால வயர் சூடாகறதில்ல, அதுல என்ன மாட்டறோம்ங்கறதாலதான் சூடாகுது.

இப்ப வயர். பைப்புக்குள்ள சுவத்துல போற காப்பர் பிவிசி வயர் 30 டிகிரி சூழல்ல தாங்கற அளவு 1.5 ஸ்கொயர் எம்எம்முக்கு 17.5 ஆம்ப்ஸ், 2.5க்கு 24, 4க்கு 32, 6க்கு 41, 10க்கு 57. இது பைப்புக்குள்ள ஒரே ஒரு சர்க்யூட் போனாத்தான். சூழல் 40 டிகிரி ஆச்சுன்னா 0.87ஆல பெருக்கணும், ஒரே பைப்ல ரெண்டு சர்க்யூட்டை அடைச்சா இன்னும் 0.8, மூணுன்னா 0.7. வெயில் படற வெளிச்சுவர்ல பைப் போகுதுன்னு வச்சு 6 ஸ்கொயரை எடுத்தா 41 × 0.87 = 35 சொச்சம், அதுக்கு 32 ஆம்ப்ஸ் எம்சிபி போடலாம், உங்க 22 ஆம்ப்ஸுக்கும் போக கொஞ்சம் இடம் மிஞ்சும். 4 ஸ்கொயர் போட்டா 28ஐத் தாண்டாது, 25 எம்சிபிதான் வைக்க முடியும், பின்னாடி 3000 வாட் ஹீட்டர் மாத்தினா இறுக்கமாயிடும். அதனால ஃபீடருக்கு, அதாவது மெயின் பாக்ஸ்ல இருந்து புது டிபிக்கு வர்ற லைனுக்கு, 6 ஸ்கொயர், கூடவே அதே சைஸ்ல எர்த் வயர்.

நிறைய பேர் தூரம் ஜாஸ்தி, வோல்டேஜ் டிராப் ஆகும்னு பயமுறுத்துவாங்க. 18 மீட்டர் போய் 18 மீட்டர் திரும்பி வருது, 36 மீட்டர், 6 ஸ்கொயர் காப்பர்ல அது மொத்தமே 0.1 ஓம் சொச்சம், 22 ஆம்ப்ஸ் போனா இரண்டரை வோல்ட் குறையும், வயர் சூடா இருந்தா மூணு. ஒண்ணுமே இல்ல. 2.5 ஸ்கொயர்லயே இழுத்தாலும் 6 வோல்ட் கிட்டதான் குறையும், ஏசி அதை கண்டுக்கவே கண்டுக்காது. இங்க பிரச்சினை சூடு. சூடு ஆம்ப்ஸோட வர்க்கத்துல ஏறும், 9 ஆம்ப்ஸ் போன வயர்ல 22 ஆம்ப்ஸ் போச்சுன்னா சூடு ரெண்டரை மடங்கு இல்ல, ஆறு மடங்கு. லூப் எடுக்கறதை வேணாம்னு சொல்றதுக்கு காரணம் இதுதான்.

புது டிபில இருந்து ஏசிக்கு தனியா 4 ஸ்கொயர், ஹீட்டருக்கு தனியா 4, பிளக்குக்கு 2.5ல ஒரு சர்க்யூட், லைட் ஃபேனுக்கு 1.5ல ஒண்ணு. எம்சிபி முறையே 20, 20, 16, 10 வச்சா போதும். ஹீட்டருக்கு 4 கொஞ்சம் அதிகம்தான், ஆனா சுவத்துக்குள்ள போறதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, வெளிய தெரியற டிசைன் லைட்டுல பண்ணிக்கோங்க. ஏசி லைனுக்கு சி டைப் எம்சிபி கேளுங்க, மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு கணம் கரண்ட் எகிறும், பி டைப் சும்மா சும்மா விழும்.

அரைச்செங்கல்

அண்ணே ரெண்டு பேருக்கும் நன்றி. கணக்கை பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டேன். வேற ஒரு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனை கூப்பிட்டு மெயினை திறக்கச் சொன்னேன், பழைய டெஸ்டர் அண்ணன் கேட்டதுக்கு பதில் இதோ, கேட்டு திட்டாதீங்க. மீட்டர்ல இருந்து வர்ற வயர் மேல 4 ஸ்கொயர்னு அச்சு இருக்கு, மெயின் எம்சிபி 40 ஆம்ப்ஸ். எப்பவோ டிரிப் ஆகுதுன்னு யாரோ மாத்தியிருக்காங்க, எனக்கு சத்தியமா தெரியாது. ஸ்க்ரூ பக்கத்துல வயர் தோல் விறைச்சுப் போய் லேசா நிறம் மாறியிருக்குன்னு அவர் காட்டினார்.

இன்னொண்ணும் சொன்னார், ஹால் பிளக்ல மூணாவது ஓட்டைக்கு பின்னாடி எர்த் வயரே இல்லையாம். பாக்ஸுக்குள்ள வயர் வந்து சுருட்டி விட்டிருக்கு, மாட்டல. கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் பண்ற ஆர்சிசிபினு ஒண்ணும் வீட்லயே இல்ல. 20 வருஷமா இப்படியேதான் இருந்திருக்கோம். ராத்திரி தூக்கம் வரல.

இப்ப ரூம் வயரிங் கேக்க வந்தவன் வீடு முழுக்க மாத்தணுமோன்னு நிக்கறேன்.

பழைய டெஸ்டர்

திட்டலை. பத்து வீட்ல பாதி இப்படித்தான் இருக்கும், பாத்தவங்களுக்குத்தான் தூக்கம் போகும். வீடு முழுக்க மாத்த வேணாம், பதறாதீங்க. வரிசையா போவோம்.

முதல்ல மெயின். 4 ஸ்கொயர் வயருக்கு 40 ஆம்ப்ஸ் எம்சிபிங்கறது காவலே இல்லாத மாதிரிதான். மீட்டர்ல இருந்து டிபி வரைக்கும் 10 ஸ்கொயர் மாத்திடுங்க, ஆம்ப்ஸ்கணக்கு தம்பி சொன்ன 57ஐ வெயிலுக்கு குறைச்சாலும் 49 நிக்கும், அப்ப 40 எம்சிபி அதுக்கு பொருத்தம். அது நடக்கற வரைக்கும் அந்த 40ஐ எடுத்துட்டு 25 போடச் சொல்லுங்க. நடுவுல ஒருதரம் ரெண்டுதரம் டிரிப் ஆகும், ஆகட்டும், அதுதான் அதோட வேலை. அப்புறம் உங்க இணைப்புக்கு எத்தனை கிலோவாட் அனுமதி இருக்குன்னு பில்லுல பாருங்க, பழைய லோடோட புதுசா 5 கிலோவாட் சேருது, பத்தலன்னா லோடு கூட்ட மின்வாரியத்துல எழுதிக் கொடுங்க, மீட்டர் பக்க வேலை அவங்க அனுமதி இல்லாம யாரும் தொடக்கூடாது.

ரெண்டாவது எர்த். பழைய பாக்ஸ்ல சுருட்டி விட்ட வயரெல்லாம் உண்மையிலேயே எர்த் வரைக்கும் போகுதான்னு டெஸ்ட் பண்ற மீட்டர் வச்சு பாக்கச் சொல்லுங்க, போகுதுன்னா ஒவ்வொரு பிளக்லயும் மாட்டினா வேலை தீர்ந்தது, ஒரு நாள் வேலை. புது ரூமுக்கு தனியா ஒரு எர்த் குழி எடுத்தாலும் தப்பில்ல, ஆனா பழைய எர்த்தும் புது எர்த்தும் கண்டிப்பா ஒண்ணா சேரணும். ஒரு வீட்ல ஒட்டாத ரெண்டு எர்த் இருந்தா ஒரு கையில ஃபிரிட்ஜும் இன்னொரு கையில ஹீட்டர் பைப்பும் பிடிக்கறவன் நடுவுல மாட்டிக்குவான். எவனாவது எர்த் இல்லையேன்னு பிளக்குக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயர் போட்டு சேர்க்க வந்தா அங்கயே நிறுத்துங்க. நியூட்ரல் ஒரு நாள் அறுந்துச்சுன்னா ஃபிரிட்ஜ் பாடி பூரா கரண்ட்.

மூணாவது ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்ப்ஸ். போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கும், வித்தியாசம் அந்த அளவைத் தொட்டா 0.3 செகண்டுக்குள்ள ஆஃப் பண்ணிடணும்னு கணக்கு, நிஜத்துல அதை விட வேகமாத்தான் விழும். பாத்ரூம் வர்ற இடத்துல இது இல்லாம நான் வேலை எடுக்கவே மாட்டேன். ஆனா ஓவர்லோடை இது பாக்காது, அதுக்கு எம்சிபி தனியா வேணும். ரெண்டும் ஒண்ணா சேர்ந்த ஆர்சிபிஓ கிடைக்குது, பாத்ரூம் ஹீட்டருக்கு மட்டும் அதை தனியா போட்டுட்டா நல்லது, ஹீட்டர் காயில் பழசாகி கசிய ஆரம்பிச்சா ஹீட்டர் மட்டும் நிக்கும், அப்பா ராத்திரி இருட்டுல உக்கார வேண்டியதில்ல. டெஸ்ட் பட்டன்னு ஒண்ணு இருக்கும், அதை அப்பப்ப அமுக்கி விழுதான்னு பாருங்க, வருஷக்கணக்கா அமுக்காம விட்டா உள்ள ஒட்டிக்கும்.

ரெண்டாம்தடவை கட்டினவ

நான் எலக்ட்ரீசியன் இல்ல, ரெண்டு தடவை சேர்த்து கட்டி ரெண்டு தடவையும் மாட்டினவ. ஆர்சிசிபி பேச்சு வந்ததால என் கதைய சொல்லிடறேன், உங்களுக்கு உதவும்.

முதல் தடவை கட்டினப்ப புது ரூமுக்கு தனி லைன், தனி டிபி, ஆர்சிசிபி எல்லாம் ஒழுங்கா போட்டாங்க. ஆனா பாத்ரூம் லைட்டை போட்டா மட்டும் விழும். லைட்டை மாத்தினோம், ஸ்விட்சை மாத்தினோம், ஈரம் இறங்குதுன்னு சொல்லி சுவரை காயவிட்டோம், கடைசியில ஆர்சிசிபியே பழுதுன்னு அதையும் மாத்தினோம். மூணு மாசம். அப்புறம் வேற ஒருத்தர் வந்து அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சார், பாத்ரூம் லைட்டுக்கு ஃபேஸ் புது டிபில இருந்து வந்திருக்கு, நியூட்ரலை மட்டும் பக்கத்து பழைய பாக்ஸ்ல இருந்து எடுத்திருக்காங்க, வயர் மிச்சம்னு. கரண்ட் ஒரு வழியா போய் வேற வழியா வீட்டுக்கு திரும்பினா அந்த டப்பா கசிவுன்னுதானே நினைக்கும், அது சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு பாவம். அதனால உங்க ஆள்கிட்ட எழுதியே கொடுங்க, புது ரூம்ல பழைய வீட்டு நியூட்ரல் ஒரு துண்டு கூட வரக்கூடாது.

இன்வெர்ட்டர் இருக்கா உங்க வீட்ல? இருந்தா இதே தப்பு அங்கயும் நடக்கும். அந்த லைனுக்கு ஃபேஸ் மட்டும் கொண்டு வந்து நியூட்ரலை பொதுவா சேர்த்துடுவாங்க. அதுக்கும் ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் தனியா ஜோடியா, தனி பைப்ல இழுக்கச் சொல்லுங்க, புது ரூம் லைட், ஃபேன், கட்டில் பக்கத்து ஒரு பிளக் இதெல்லாம் அதுல வரட்டும். நெபுலைசர், காத்து மெத்தைன்னு என்னிக்காவது ஒண்ணு வேண்டி வந்தா கரண்ட் போனப்பவும் ஓடணும் இல்லையா.

இப்ப நான் உண்மையில சொல்ல வந்தது. அண்ணன்மார் எல்லாம் வயர் சைஸ் சொல்லிட்டாங்க, அந்த ரூம்ல யார் இருக்கப் போறாங்கன்னு யாரும் கேக்கல. முட்டி ஆபரேஷன் ஆனவர். குனிய மாட்டார், வேகமா நடக்க மாட்டார், ராத்திரி ரெண்டு மூணு தடவை எழுந்துப்பார். எங்க அம்மாவுக்கு கட்டின ரூம்ல பிளக்கெல்லாம் தரையில இருந்து ஒரு அடியில வச்சோம், பாக்க அழகா இருக்கும்னு, ஒவ்வொரு தடவையும் சார்ஜர் போட என்னை கூப்பிடுவாங்க. நீங்க ரெண்டடி, ரெண்டரை அடி உயரத்துல வைங்க. ஸ்விட்ச் போர்டு வாக்கர் பிடிச்சு நிக்கற கைக்கு எட்டணும், மூன்றரை அடி போதும். கதவு எந்தப் பக்கம் திறக்குதுன்னு மேஸ்திரிகிட்ட கேட்டுட்டு அதுக்கு எதிர்ப்பக்கம் போர்டை வைங்க, இல்லன்னா கதவை சாத்தினாத்தான் ஸ்விட்ச் தெரியும்.

ரூம் லைட்டுக்கு டூ வே ஸ்விட்ச், ஒண்ணு வாசல்கிட்ட, ஒண்ணு கட்டில்ல படுத்த மேனிக்கு கை நீட்டினா எட்டற இடத்துல. ஃபேனுக்கும் கட்டில்கிட்ட ஒண்ணு. கட்டில்ல இருந்து பாத்ரூம் போற வழியில, முழங்கால் உயரத்துல ரெண்டு சின்ன ராத்திரி லைட்டு, மேல எரியற பெரிய லைட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு கண்ணை கூசும். பாத்ரூம் ஸ்விட்ச், ஹீட்டர் ஸ்விட்ச் ரெண்டும் கதவுக்கு வெளிய, ஹீட்டர் ஸ்விட்ச்ல இண்டிகேட்டர் லைட்டு இருக்கட்டும், எரியுதான்னு வெளியில இருந்தே தெரியும். அந்த ஸ்விட்ச் ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்து வெட்டற டபுள் போலா இருக்கணும். உள்ள ஷேவிங்க்கு ஒரு பிளக் வேணும்னா குளிக்கற இடத்துல இருந்து கைக்கு எட்டாத தூரத்துல.

ஒரு காலிங் பெல் பட்டன் பாத்ரூமுக்குள்ள வைங்க. நிக்கற உயரத்துல இல்ல. விழுந்தா தரையில இருந்து கை எட்டற உயரத்துல, இல்லன்னா கயிறு தொங்கற மாதிரி. நாங்க அதை நிக்கற உயரத்துல வச்சிருந்தோம்.

அரைச்செங்கல்

அக்கா, கடைசி வரியை படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் டைப் பண்ண முடியல. பெல் போட்டுடறேன். அப்பாவையே உக்கார வச்சு கட்டில் எங்க வரும், எந்தப் பக்கம் தலை வைப்பார்னு கேட்டு தரையில சாக்பீஸ்ல வரைஞ்சுட்டேன். அவர் "எனக்கு ஏசியே வேணாம்டா" ங்கறார், அது வேற கதை, லைன் மட்டும் போட்டு வைக்கறேன்.

இன்வெர்ட்டர் இருக்கு, சின்னது.

புது எலக்ட்ரீசியன் ஆர்சிசிபி ஹாலுக்கும் போடறேன்னு சொல்லிட்டார். அவருக்கும் எனக்கும் ஒரு சந்தேகம், மெயின்ல 30 மில்லி ஆம்ப்ஸ் ஒண்ணு, புது ரூம் டிபில 30 ஒண்ணுன்னு ரெண்டு போட்டா எது விழும்? அப்புறம் சென்ட்ரிங் வேலை சீக்கிரம் ஆரம்பிச்சாச்சு, நாளன்னைக்கு கம்பி கட்டறாங்க. தளத்துக்குள்ள என்ன போடணும்னு யாராவது சொல்லுங்க, அவர் பைப் எல்லாம் கொண்டு வந்து இறக்கிட்டார்.

ஆம்ப்ஸ்கணக்கு

ரெண்டுல எது வேணா விழும், சில சமயம் ரெண்டும் சேர்ந்து விழும். ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஒரே 30ஐ வைக்காதீங்க. மெயின்ல எல்லாத்துக்கும் பொதுவா போடணும்னா 100 மில்லி ஆம்ப்ஸ், கொஞ்சம் தாமதிச்சு விழற எஸ் டைப், கீழ பழைய வீட்டுக்கு ஒரு 30, புது ரூமுக்கு ஒரு 30. அப்ப புது ரூம்ல கசிவுன்னா புது ரூம் மட்டும் நிக்கும். ஃபீடரை பழைய வீட்டு 30க்கு முன்னாடி எடுக்கணும், ஃபேஸ் நியூட்ரல் ரெண்டையுமே. ஃபேஸ் முன்னாடி நியூட்ரல் பின்னாடின்னு எடுத்தா அக்கா கதைதான், மூணு மாசம் கூட ஆகாது, முதல் லைட்லயே விழும்.

பழைய டெஸ்டர்

தளத்துக்கு வரேன், இதுல தப்பு பண்ணா திருத்தவே முடியாது, மத்ததெல்லாம் சுவரை உடைச்சாவது பாத்துக்கலாம்.

பைப் மெலிசான லைட் கேஜ் வேணாம், மீடியம் இல்லன்னா ஹெவி, கொத்தனார் ஆளுங்க மேல நடப்பாங்க, கான்கிரீட் பாண்டை தொப்புனு கொட்டுவாங்க. 25 எம்எம் போட்டீங்கன்னா பின்னாடி ரெண்டு வயர் கூட சேர்க்கலாம், பைப்பை பாதிக்கு மேல வயரால அடைக்கக்கூடாது. பைப் அடிக்கம்பிக்கு மேல போகணும், கம்பிக்கும் பலகைக்கும் நடுவுல செருகக்கூடாது, செருகினா கீழ கான்கிரீட் மெலிசாகி பைப் போற வழியிலயே தளம் கீறும். நாலஞ்சு பைப்பை கட்டு கட்டா ஒண்ணா சேர்த்து விடாதீங்க, நடுவுல கான்கிரீட் இறங்க இடம் விடுங்க. வளைவுக்கு நீளமான பெண்ட் போடுங்க, எல்போ போட்டா வயர் இழுக்கும்போது சிக்கும். ஒரு பாக்ஸுக்கும் அடுத்த பாக்ஸுக்கும் நடுவுல ரெண்டு வளைவுக்கு மேல வேணாம். ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் பசை தடவணும், சும்மா செருகி விட்டா சிமென்ட் பால் உள்ள இறங்கி உறைஞ்சுடும், அப்புறம் அந்த பைப் இருந்தும் இல்லாத மாதிரி.

ஃபேன் பாக்ஸ் கம்பியை தளக் கம்பியோட சேர்த்து கட்டணும், பலகையில ஆணி அடிச்சு நிறுத்தினா போதும்னு விட்டுடாதீங்க. ரூமுக்கு நடுவுலன்னு அளக்காம, சாக்பீஸ்ல போட்ட கட்டிலைப் பாத்து வைங்க. 12க்கு 14ல ஆம்ப்ஸ்கணக்கு தம்பி கணக்குல போட்ட ரெண்டு ஃபேன் எதுக்குன்னு தெரியல, கட்டில் பக்கமா ஒண்ணு போதும், இன்னொரு பாக்ஸ் சிட் அவுட்டுக்கு போகட்டும். லைட் பாக்ஸ் ஃபேன் இறக்கைக்கு மேல வரக்கூடாது. 1200 எம்எம் ஃபேன்னா நடுவுல இருந்து ரெண்டடி இறக்கை சுத்தும், அதுக்குள்ள சீலிங் லைட் வச்சா நிழல் வெட்டி வெட்டி அடிக்கும், வயசானவங்களுக்கு தலை சுத்தும். மூணடி தள்ளி வைங்க.

நெட் கேபிளுக்கு தனி பைப், கரண்ட் வயரோட ஒரே பைப்ல விடாதீங்க. டிபில இருந்து மொட்டை மாடிக்கு ஒரு காலி பைப், சோலாரோ வேற எதுவோ, என்னிக்காவது கேப்பீங்க. அப்பா வேணாம்னாலும் ஏசிக்கு தண்ணி வடியற பைப்புக்கு சுவத்துல வெளிப்பக்கம் சரிவா ஒரு ஓட்டை இப்பவே விட்டுடுங்க.

சுவத்துல காடி வெட்டும்போது மேலிருந்து கீழ நேரா வெட்டச் சொல்லுங்க, படுக்கைவாட்டுல நீளமா இழுத்தா சுவர் பலவீனமாயிடும். நேரா வெட்டறது சுவர் கனத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ஆழம் போகக்கூடாது, படுக்கைவாட்டுல வேற வழி இல்லன்னா ஆறுல ஒரு பங்கு.

பூச்சு வேலைக்கு முன்னாடி ஒவ்வொரு சுவரையும் பக்கத்துல டேப் பிடிச்சு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. பின்னாடி ஒரு படம் மாட்ட ஆணி அடிக்கும்போது அந்த போட்டோதான் உங்களை காப்பாத்தும்.

வயர் எல்லாம் இழுத்து முடிச்சு, லைட் ஃபேன் எதுவும் மாட்டறதுக்கு முன்னாடி மெக்கர்னு வயர் தோலை சோதிக்கற மீட்டர் வச்சு 500 வோல்ட்ல இன்சுலேஷன் பாக்கச் சொல்லுங்க, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல. ஒரு மெகா ஓமுக்கு கீழ காட்டினா எங்கயோ வயர் தோல் உரிஞ்சிருக்கு, புது வயர்னா அதை விட பல மடங்கு காட்டணும். எல்இடி மாட்டினதுக்கு அப்புறம் அந்த 500ஐ விட்டா எல்இடி போயிடும், அதனால வரிசை முக்கியம்.

குட்டிபல்பு

நான் போய் எங்க வீட்டு லூப் எடுத்த பிளக்கை கழட்டச் சொல்லி பாத்தேன். ஸ்க்ரூ லூஸ். வயர் முனை கறுப்பு. வெறும் ஃபேன் லைட்டுக்கே இப்படி. எலக்ட்ரீசியன் முனையை வெட்டிட்டு புதுசா முறுக்கி டைட் பண்ணிட்டார். யாரும் என்னை ஒண்ணும் கேக்காதீங்க.

அரைச்செங்கல்

கம்பி கட்டியாச்சு, பைப் எல்லாம் அண்ணன் சொன்ன மாதிரி அடிக்கம்பிக்கு மேல. ஒரு இடத்துல மட்டும் நாலு பைப் ஒண்ணா சேர்ந்திருந்துச்சு, காட்டினேன், முணுமுணுத்துக்கிட்டே பிரிச்சு விட்டாங்க. ரெண்டாவது ஃபேன் பாக்ஸை சிட் அவுட்டுக்கு மாத்திட்டேன். மெயின் 25க்கு இறக்கியாச்சு, நேத்து அயர்ன் பாக்ஸும் ஏசியும் மோட்டாரும் சேர்ந்து ஒருதரம் விழுந்துச்சு, அம்மா கத்தினாங்க, எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. லோடு கூட்ட எழுதிக் கொடுத்தாச்சு. நாளைக்கு காலையில ஏழு மணிக்கு கான்கிரீட். இன்னும் எதையாவது பாக்கணுமா?

பழைய டெஸ்டர்

ஃபேன் பாக்ஸ், லைட் பாக்ஸ் எல்லாத்துக்குள்ளயும் இன்னிக்கு ராத்திரியே பழைய பேப்பரை நல்லா அடைச்சு மேல டேப் ஒட்டிடுங்க. சுவத்துக்கு இறங்கற பைப் முனையையும் மூடிடுங்க. காலையில ஆளுங்க மேல ஏறறதுக்கு முன்னாடி நீங்களே ஒருதரம் போய், எந்த பெண்ட்டாவது பிடுங்கிட்டு வந்திருக்கான்னு கையால தொட்டுப் பாருங்க. கொட்ட ஆரம்பிச்சதுக்கு அப்புறமும் அங்கயே நில்லுங்க, வைப்ரேட்டர் போடற ஆள் பைப் மேல வைக்காம பாத்துக்கோங்க.